கழுதைக்கு விழுந்த வோட்டு

ஸ்கெல்பரோ நகரசபை ஊர்வலமாகப் புறப்பட்டால் முதலில் போவது நான்தான். என் கையில் வெள்ளித்தடி, தடிக்குப் பின்னால் மேயர், மேயருக்குப் பின்னால் உறுப்பினர்கள், அவர்களுக்குப் பின்னால் அவர்கள் சாப்பிட்டதற்கெல்லாம் வரி கட்டிய ஜனங்கள். தடி மிகப் பழையது. உச்சியில் ஒரு கிரீடம் இருக்கும். அந்த நகரசபையில் யாரையும் ஏமாற்றாத ஒரே உருப்படி அதுதான் என்பது என் அபிப்பிராயம். என் பெயர் ஜேபஸ் கௌலிங். தடி தூக்குவது என் உத்தியோகம், வாயை மூடிக்கொண்டிருப்பது அதற்கு நிபந்தனை. இப்போது உத்தியோகம் இல்லை, ஆகவே நிபந்தனையும் இல்லை.

எங்கள் ஊர்த் தேர்தல் வருஷா வருஷம் நவம்பர் முதல் தேதி நடக்கும். வரி கட்டும் ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் தனக்குப் பிடித்தவர் பெயரைச் சீட்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, மேயர் முன்னால் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பக்கத்தில் வீட்டுக்காரரும் வேலை கொடுத்த முதலாளியும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சீட்டை ஒளிக்கக் கூடாது. இதற்கு ஆண்மை என்று பெயர்.

சாயங்காலம் மேயர் நகரசபை மாடத்தில் நின்று, வோட்டு வாங்கிய ஒவ்வொரு பெயரையும் உரக்க வாசிப்பார். ஒன்றுகூட விடக்கூடாது. எந்தக் காலத்திலோ ஒரு செயலாளர் யாரோ ஒருவருடைய பெயரை அற்பமென்று விட்டுவிட, அந்த அற்பம் கோர்ட்டுக்குப் போய்த் தேர்தலையே செல்லாமல் செய்துவிட்டதாம். அன்றிலிருந்து கையெழுத்துள்ள சீட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் வாசித்தே ஆக வேண்டும். நிலக்கரி விற்கும் டோபி என்ற குடிகாரன் வருஷம் தவறாமல் தன் கழுதைக்கே வோட்டுப் போடுவான். மேயரும் நரித்தோல் அங்கியும் தங்கச் சங்கிலியுமாக நின்று, "கேப்டன், ஒரு வோட்டு" என்று வாசிப்பார். கூட்டம் சிரிக்கும். அந்த ஒரு வரியில்தான் உண்மையான தேர்தல் நடந்தது என்று எனக்குத் தோன்றும்.

நான் குடியிருந்தது தோல்பட்டறைத் தெருவில். தெருவுக்கு ஒரே ஒரு அடிகுழாய். சிங்கமுகம் வைத்து, "கார்பட் குடும்பத்தாரின் கொடை" என்று கல்லில் வெட்டியிருக்கும். குழாய்க்குப் பின்னால் மேடு, மேட்டில் மாதா கோவிலின் கல்லறைத் தோட்டம். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், குளிர்ச்சியாக, லேசாக இனிக்கும். வெளியூர்க்காரர்கள் குடித்துவிட்டுப் புகழ்வார்கள். அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. மேட்டைப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும், அதனால் யாரும் மேட்டையும் பார்ப்பதில்லை.

கோடை முடிந்தால் காய்ச்சல் வரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்த பிள்ளைகளில் பாதி எழுந்திருக்கும். என் அடுத்த வீட்டு ஏனோக் ஸ்லேட்டர், மரஅடிச் செருப்பு செய்கிறவன், முந்தின வருஷம் தன் பையனை அப்படிக் கொடுத்தான். மிச்சம் கெசியா என்று ஆறு வயதுப் பெண் ஒருத்தி. அந்தக் குழாயை மூட வேண்டும் என்பதைத் தவிர ஏனோக்குக்கு உலகத்தில் வேறு அரசியல் கிடையாது.

எங்கள் வார்டில் இரண்டு கட்சி. மஞ்சள் ரிப்பன் கட்டினால் சிக்கனக் கட்சி, நீல ரிப்பன் கட்டினால் சீர்திருத்தக் கட்சி. மஞ்சளுக்கு திரு. கார்பட் நின்றார், குழாய் வைத்தவரின் பேரன், தோல் வியாபாரி. நீலத்துக்கு திரு. ப்ராக்கெட் என்ற வக்கீல். போன தடவை ப்ராக்கெட் தோற்றது ஒரே ஒரு வோட்டில். வோட்டு சமமானால் வயதில் மூத்தவருக்கே பதவி என்பது விதி, மூத்தவர் ப்ராக்கெட். இந்த வருஷம் ஏனோக்கின் பெயர் வாக்காளர் பட்டியலில் புதிதாக ஏறியிருந்தது. ஒரு செருப்புத் தச்சனை ஊரே தொப்பியைத் தூக்கி வணங்க ஆரம்பித்தது. "எனக்கு என்னமோ உடம்புக்கு முடியலேன்னு நெனச்சு விசாரிக்கறாங்களாண்ணே?" என்று அவன் என்னைக் கேட்டான்.

கார்பட் குழாயடியிலேயே கூட்டம் போட்டார்.

"இந்தக் குழாயை எங்க தாத்தா வச்சாரு. இந்தத் தெருவுல எத்தனையோ பேரு காய்ச்சல்ல போயிருக்காங்க, நான் இல்லேங்கல. ஆனா, போனவங்கள்ல ஒருத்தராவது தண்ணி சரியில்லேன்னு நகரசபைக்குப் புகார் குடுத்திருக்காங்களா? இதுவரைக்கும் யாரும் குடுக்கல. புகாரே இல்லாத குழாயை எதுக்கு மூடணும்? மலையில இருந்து தண்ணி கொண்டாந்தா வரி ஏறும். வரி ஏறினா ஏழைங்க கஷ்டப்படுவாங்க. ஏழைங்க கஷ்டப்படறதை என்னால கண்ணால பாக்க முடியாது. அதனாலதான் நான் இந்தத் தெருப் பக்கமே வர்றதில்ல."

மஞ்சள் ரிப்பன்காரர்கள் கைதட்டினார்கள். பேசி முடித்ததும் அவருக்குத் தொண்டை நனைக்க வண்டியிலிருந்து ஒயின் வந்தது.

அடுத்த நாள் அதே இடத்தில் ப்ராக்கெட்.

"சுத்தமான தண்ணி மனுஷனோட பொறப்புரிமை. நான் ஜெயிச்சா முதல் வேலையா ஒரு குழு போடுவேன். அந்தக் குழு ஒரு இன்ஜினீயரைக் கூப்பிடும். அவரு ஒரு அறிக்கை எழுதுவாரு. அந்த அறிக்கையை நல்ல தாள்ல அச்சடிச்சு வீட்டுக்கு வீடு குடுப்போம்."

"தண்ணி?" என்று கேட்டாள் ஏனோக்கின் மனைவி டோர்கஸ். பட்டறையில் தோல் கழுவுகிறவள், கையெல்லாம் சுண்ணாம்பில் வெந்து சிவந்திருக்கும்.

"அதெல்லாம் அறிக்கையில இருக்கும்மா."

இருந்தாலும் எங்கள் தெருவே நீலம். குழு, இன்ஜினீயர், அறிக்கை என்று எத்தனை படி இருந்தாலும் கடைசிப் படியில் தண்ணீர் இருக்கும் என்று நம்பினார்கள். நம்பிக்கைக்கு வேறு போக்கிடம் இல்லை.

தேர்தலுக்கு இன்னும் சில நாள் இருக்கும்போது கெசியா படுத்தாள். காலையில் குழாயடியில் குதித்து விளையாடிய பெண், மாலையில் உடம்பு கொதிக்கிறது. ஏனோக் ஊர் டாக்டர்கள் இருவரிடமும் ஓடினான். ஒருவர் மஞ்சள் கட்சிக் கமிட்டியில் இருந்தார், நீலத் தெருவுக்கு வர முடியாது என்றார். மற்றவர் நீலக் கட்சிக் கமிட்டி, தேர்தல் நேரத்தில் வந்தால் தப்பாகப் பேசுவார்கள் என்றார். மிச்சம் தர்ம டாக்டர்தான். ஏழைகள் வாரியத்தில் சீட்டு வாங்கினால் வருவார்.

சீட்டு எங்கே வாங்குவது என்று ஏனோக் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தபோதே ப்ராக்கெட் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். எதிர்வீட்டு ரூபன் ஹேக் ஓடிப் போய்ச் சொல்லியிருக்கிறான். ரூபன் பட்டறையில் மாட்டுத்தோல் சுமக்கிறவன், நீல ரிப்பனைத் தொப்பியில் தைத்தே வைத்திருந்தான்.

"ஏனோக், கொஞ்சம் நில்லுப்பா" என்றார் ப்ராக்கெட். "தர்ம டாக்டரோட மருந்து உன் வீட்டுக்குள்ள நுழைஞ்சா நீ ஊர்ச்சோறு தின்னவன்னு ஆயிடும். ஊர்ச்சோறு தின்னவனுக்கு ஒரு வருஷத்துக்கு வோட்டு கிடையாது. சட்டம் அப்படி."

"அப்ப நீங்களே ஒரு டாக்டரை அனுப்புங்கய்யா."

ப்ராக்கெட் இரண்டடி பின்னால் போனார். "நானா? வேட்பாளர் வோட்டருக்கு டாக்டரை அனுப்பினா அதுக்குப் பேரு லஞ்சம். நான் கை சுத்தமானவன்ப்பா."

"நேத்துத் தெருவுக்கே பீர் ஊத்தினீங்களேய்யா."

"பீர் வேற. பீர் வழக்கம். மருந்துக்கு அப்படி ஒரு வழக்கம் கிடையாது." அவர் கொஞ்சம் யோசித்தார். நல்ல மனுஷர், பரிதாபம் உண்டு. "வேணும்னா உன் பொண்ணுக்கும் ஒரு ஜாடி பீர் அனுப்பச் சொல்றேன்."

ஏனோக் என்னைப் பார்த்தான். நான் தடி தூக்குகிறவன், சட்டம் தெரிந்தவன் என்று அவன் நினைப்பு. ப்ராக்கெட் சொன்னது சட்டப்படி சரிதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

சேதி மஞ்சள் பக்கம் போகாமல் இருக்குமா? ஏழைகள் வாரியத்துக்குத் தலைவர் சாட்சாத் கார்பட்தான். அந்த வாரியத்தில் ஒரு சீட்டு வாங்க, செத்தவன் வீட்டார் காரியமெல்லாம் முடித்துவிட்டுப் போனால்கூட இன்னும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அன்றைக்கு யாரும் விண்ணப்பம்கூடப் போடவில்லை. கார்பட்டின் சொந்தக் கோச்சு வண்டியே தெருவுக்குள் நுழைந்தது. உள்ளே தர்ம டாக்டர், மருந்துப் பாட்டில், கம்பளி, ஆட்டுச் சாறு. பின்னால் மஞ்சள் ரிப்பன் கட்டிய பேண்டு வாத்தியம். தர்ம டாக்டர் எங்கள் தெருவை அதற்கு முன் பார்த்ததில்லை, இறங்கியதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏனோக், கட்சி வேற, மனுஷத்தன்மை வேற" என்றார் கார்பட். கண்ணில் தண்ணீர் இருந்தது, நான் பார்த்தேன். "எனக்கு வோட்டே வேணாம். பச்சப்பிள்ளைக்கு மருந்தைக் குடு. எனக்கு அது போதும்."

அவருக்கு அது போதும்தான். அதுதான் கணக்கு.

வாசலில் ரூபனும் இன்னும் நாலைந்து பேரும் கைகோத்து நின்றுவிட்டார்கள். பாட்டில் உள்ளே போகக் கூடாது. பேண்டு வாசிக்கிறது, டாக்டர் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார், ரூபன் அவரை நெஞ்சால் தள்ளுகிறான். தெருப் பெண்கள் டோர்கஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

"தங்கச்சி, தேர்தல் முடியற வரைக்கும் பொறுத்துக்கம்மா" என்றான் ரூபன். "எனக்கும் சின்னதுங்க இருக்கு. குழாயை மூடறதுக்கு உன் புருஷன் வோட்டு ஒண்ணுதான் இருக்கு."

"காய்ச்சல்கிட்டயும் சொல்லிடுங்கண்ணே" என்றாள் டோர்கஸ். "அதுக்குத் தேர்தல் தேதி தெரியாது."

கைகலப்பு என்று கேள்விப்பட்டு நகரசபை கூடியது. அந்த வார்டின் தலைவிதி ஒரு மருந்துப் பாட்டிலில் இருப்பதால், நேரில் போய் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது என்று ஏகமனதாக முடிவாயிற்று. குழாயைப் பார்க்க ஒரு நாளும் வராத சபை, மருந்தைப் பார்க்க முழுசாக வந்தது. முன்னால் நான் தடியோடு. பின்னால் அந்த வருஷ மேயர், கோதுமை வியாபாரி, அங்கியைச் சேற்றில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் செயலாளர் பைபஸ், சட்டப் புத்தகம் சுமக்க ஒரு ஆளோடு.

ஏனோக்கின் வீடு ஒரே அறை. மேயர் செருப்புச் செதுக்கும் பலகைமேல் உட்கார்ந்தார். தடியை நிமிர்த்திப் பிடிக்காமல் சபை நடக்கக் கூடாது, நிமிர்த்தினால் கூரை இடித்தது. தடியின் கிரீடம் உத்திரத்தில் மோதியதும் மேயர் பதறி எழுந்து, கிரீடம் நசுங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக விசாரணையைச் சிறிது நேரம் நிறுத்திவைத்தார். உறுப்பினர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தடவிப் பார்த்தார்கள். நசுங்கவில்லை. எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள்.

கெசியா மூலையில் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"மாமா, அது ராஜாவா?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்லம்மா. மேயர்."

"எதுக்கு வந்திருக்காரு?"

"உன் மருந்தைப் பத்திப் பேச வந்திருக்காரும்மா."

"மருந்து எங்க?"

டாக்டர் கையில் இருந்தது. நான் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பைபஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். "மருந்து பாட்டில்ல இருக்கற வரைக்கும் அது வாரியத்தோட சொத்து. கரண்டியில ஊத்தினா அது உத்தேசம். நாக்குல பட்டா ருசி. தொண்டையில இறங்கினாத்தான் தர்மம். தர்மம் இறங்கின அந்த நிமிஷமே தகப்பனோட வோட்டு போச்சு."

"குடிச்சுட்டு வாந்தி எடுத்துட்டா?" என்று எழுந்தார் ப்ராக்கெட்.

"அருமையான கேள்வி" என்றார் மேயர்.

பைபஸ் புத்தகத்தைப் புரட்டினார். "வாந்தி எடுத்தாலும் வாங்கினது வாங்கினதுதான். திருப்பிக் குடுத்ததா கணக்காகாது."

இரண்டு கட்சி உறுப்பினர்களும் தலையாட்டி ரசித்தார்கள். இப்படி ஒரு நுணுக்கமான விவாதம் நடந்து வெகுநாள் ஆயிற்று என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

டோர்கஸ் எழுந்து போய் டாக்டர் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினாள்.

"அம்மா, நீங்க குடுத்தாலும் அது உங்க புருஷன் குடுத்த மாதிரிதான்" என்று எச்சரித்தார் பைபஸ். "சட்டத்துல உங்களுக்குன்னு தனியா கை கிடையாது."

டோர்கஸ் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப இத்தனை வருஷமா சுண்ணாம்புல வெந்தது யாரு கைங்க ஐயா?"

பைபஸ் பதிலுக்குப் புத்தகத்தைப் பார்த்தார். அங்கே இல்லை.

வாசலில் நின்ற ரூபன், "ஏனோக், யோசிச்சுக்க" என்றான். தெருவே வாசலில் நின்று ஏனோக்கைப் பார்த்தது. ஏனோக் மகளிடம் போய் மண்டியிட்டு, தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். டோர்கஸ் கரண்டியில் மருந்தை ஊற்றினாள்.

"அப்படியே குடுக்கக் கூடாது" என்றார் டாக்டர். "ஒரு குவளை நல்ல தண்ணியில கலந்து குடுக்கணும்."

"நல்ல தண்ணி எங்க டாக்டரய்யா?"

"அது என் இலாகா இல்லம்மா."

வீட்டில் ஒரு குடம் இருந்தது. அது எந்தக் குழாய்த் தண்ணீர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கெசியா குடித்தாள். மேயர், "இறங்கிடுச்சா?" என்று கேட்டார். பைபஸ் குனிந்து பார்த்து, இறங்கிவிட்டதாகப் பதிவு செய்தார். கார்பட் வெளியே போய்ப் பேண்டு வாத்தியத்தை மறுபடி தொடங்கச் சொன்னார்.

கம்பளியும் ஆட்டுச் சாறும் வண்டியிலேயே திரும்பிப் போய்விட்டன. இனி அவற்றுக்கு அவசியமில்லை.

தேர்தலில் மஞ்சள் ஒரே ஒரு வோட்டில் ஜெயித்தது. மேயர் மாடத்திலிருந்து வாசித்தார். "கேப்டன், ஒரு வோட்டு" என்றபோது கூட்டம் வழக்கம்போலச் சிரித்தது. எங்கள் தெருக்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது ஏனோக்கோடு யாரும் பேசவில்லை. அதற்கப்புறம் அந்தத் தெருவில் யாருடைய செருப்பும் தேயவில்லைபோலிருக்கிறது, அவனிடம் ஒருவரும் வரவில்லை.

ஒன்பதாம் தேதி புது மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். கார்பட்தான். அன்றைய விருந்தில் ஆமைச் சூப்பு, வாத்து, மூன்று வகை ஒயின். ப்ராக்கெட் கார்பட்டுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிக்கனமும் சீர்திருத்தமும் கைகோத்து நடக்கவேண்டிய காலம் வந்துவிட்டது என்று பேசினார். சூப்பு முடிவதற்குள் அவரை நகரசபையின் வக்கீலாக நியமித்தாகிவிட்டது. கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று, கார்பட் தாத்தாவின் குழாயை வாழ்த்தி ஒயின் குடித்தார்கள்.

அன்று மத்தியானமே கெசியா போய்விட்டாள்.

நகரசபை வருத்தத் தீர்மானம் போட்டது. "ஆழ்ந்த வருத்தம்" என்று எழுதலாமா, வெறும் "வருத்தம்" என்று எழுதலாமா என்று விவாதம் நடந்தது. ஆழ்ந்த என்று போட்டால் ஏதோ தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும் என்று புது வக்கீல் ப்ராக்கெட் கருத்துச் சொன்னார். வெறும் வருத்தம் நிறைவேறியது. பெண்ணை மேட்டிலே, குழாய்க்குப் பின்னால் இருக்கும் சரிவில்தான் புதைத்தோம். வேறு இடம் கிடையாது. ஏனோக் மரஅடி செய்ய வைத்திருந்த பலகையில் தானே பெட்டி செய்தான். ரூபன் வேலிக்கு வெளியே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான், உள்ளே வரவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. யார்மேல் என்று கேட்டால் வரிசையாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்த கோடை முடிந்ததும் காய்ச்சல் மறுபடி வந்தது. ரூபனின் கடைக்குட்டி ஆர்தர் போனான். கோடிவீட்டு இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று போயிற்று. இன்னும் சில வீடுகள். நகரசபை வக்கீலான ப்ராக்கெட் போடவைத்த குழு, இன்ஜினீயரை யார் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஒரு துணைக்குழு போட்டிருந்தது.

தேர்தல் வந்தது. இந்தத் தடவை ப்ராக்கெட் ஒருவர்தான் வேட்பாளர். நீலமும் மஞ்சளும் சேர்த்து முறுக்கிய ரிப்பன். போட்டி இல்லாவிட்டாலும் சீட்டு வாங்கி எண்ணி வாசித்தாக வேண்டும் என்பது விதி. ஏனோக்குக்கு வோட்டு இல்லை. வாக்காளர் பட்டியல் எழுதிய நாளில் மருந்து இறங்கி ஒரு வருஷம் முடியவில்லை என்று பைபஸ் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் டோர்கஸ் என் வாசலுக்கு வந்தாள்.

"ஜேபஸ் அண்ணே, டோபியோட கழுதை செத்துப்போச்சாமே?"

"ஆமா. போன மாசம்."

"இந்த வருஷம் யாருக்கு வோட்டுப் போடுவாரு?"

"அதுக்கேதான் போடுவேன்னு சாராயக் கடையில சத்தியம் பண்ணிக்கிட்டிருக்கான்."

"செத்ததுக்குப் போட்டா வாசிப்பாங்களா?"

நான் யோசித்தேன். "கையெழுத்து இருந்தா வாசிச்சுத்தான் ஆகணும். உசிரோட இருக்கணும்னு விதியில இல்ல."

அவள் அன்றிலிருந்து வேலை முடிந்து வந்து வீடு வீடாக ஏறினாள். ரிப்பனும் இல்லை, பீரும் இல்லை. ரூபனின் வீட்டுக்கு அவள் போனபோது நான் அங்கேதான் இருந்தேன். ஒரு வருஷமாக அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ரூபன் எழுந்து நின்றான், எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

"அண்ணே, வோட்டுக் கேக்க வந்திருக்கேன்."

"யாருக்கும்மா?"

"கெசியாவுக்கு."

 ரூபனின் மனைவி இடுப்பில் கட்டிய துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு வோட்டு இல்ல" என்றாள் டோர்கஸ். "உங்க ஆர்தர் பேரைக் கோடிவீட்டுக்காரர் எழுதறேன்னுட்டாரு. அவரு பிள்ளை பேரை இன்னொருத்தர். யாரும் அவங்கவங்க பிள்ளை பேரை எழுத வேணாம், கை வராது. கெசியாவுக்குத்தான் ஆள் இல்ல."

"நான் வாசலை மறிச்சவன் தங்கச்சி."

"தெரியும். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

நவம்பர் முதல் தேதி எங்கள் தெருக்காரர்கள் வரிசையாக வந்து சீட்டுக் கொடுத்தார்கள். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார், வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். மேயர் கார்பட் சீட்டைப் படிக்காமலே வாங்கிப் போட்டார். தெருவே நேரத்துக்கு வந்து ப்ராக்கெட்டுக்கு வோட்டுப் போடுகிறது என்று அவருக்குச் சந்தோஷம். "மக்களோட நல்ல புத்தி" என்று பைபஸிடம் சொன்னார்.

சாயங்காலம் மாடத்தில் நரித்தோல் அங்கியோடு நின்றார். நான் பக்கத்தில் தடியோடு. கீழே சதுக்கம் நிறைய ஜனங்கள். ப்ராக்கெட்டின் பெயரையும் அவர் வாங்கிய வோட்டையும் வாசித்தார். கொஞ்சம்தான் இருந்தது. அடுத்த தாளைப் பார்த்தார். நிறுத்திவிட்டார்.

"இது என்ன?" என்று பைபஸிடம் முணுமுணுத்தார்.

பைபஸ் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். ஆனால் சட்டம் என்றால் அவருக்குத் தாய் தகப்பன். "கையெழுத்து இருக்குங்க. வாசிச்சாகணும். எல்லாத்தையும். கேக்கற மாதிரி."

"கெசியா ஸ்லேட்டர்" என்றார் மேயர். "ஒரு வோட்டு."

சதுக்கத்தில் சத்தம் அடங்கியது.

"ஆர்தர் ஹேக், ஒரு வோட்டு."

ஒவ்வொரு பெயராக வந்தது. சில பெயர்கள் பத்து வருஷம் பழையவை. டோர்கஸ் எல்லோர் வீட்டுக்கும் போயிருக்கிறாள். மேயர் வேகமாக வாசிக்கப் பார்த்தார், பைபஸ் அவர் கையைத் தொட்டு, "தெளிவா வாசிக்கணுங்க, இல்லேன்னா தேர்தலே செல்லாது" என்றார். நடுவில் "கேப்டன், ஒரு வோட்டு" என்று வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. டோபிகூடத் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

மேயருக்குத் தொண்டை அடைத்தது. "தண்ணி" என்றார். உள்ளே ஒயின் இருந்தது. அத்தனை பேர் பார்க்கும்போது ஒயின் கேட்க முடியவில்லைபோலும். கீழே மாடத்துக்கு நேராக டோர்கஸ் ஒரு குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, படியிறங்கிப் போய் அதை வாங்கிவந்து கொடுத்தேன்.

மேயர் உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தினார்.

"எந்தத் தண்ணி இது?"

"உங்க தாத்தாவோடதுங்க."

அவர் குவளையை மெதுவாக மாடத்தின் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார். சதுக்கம் முழுவதும் அதைப் பார்த்தது.

"குடிங்க ஐயா" என்றாள் டோர்கஸ் கீழேயிருந்து. கத்தவில்லை, அந்த அமைதியில் கத்த வேண்டியிருக்கவில்லை. "இதுவரைக்கும் யாரும் புகார் குடுக்கல."

மேயர், "கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது" என்றார். அது கூட்டமே அல்ல என்று பைபஸ் ஞாபகப்படுத்தினார். மீதி இருந்தது. குவளை கண்ணெதிரே ததும்ப ததும்ப நிற்க, குரல் கரகரத்து, பாதி வார்த்தை காற்றாகப் போக, மேயர் கார்பட் கடைசிப் பெயர்வரை வாசித்தார். குவளையைத் தொடவில்லை. பிறகு திரு. ப்ராக்கெட் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவித்தார்.

அடுத்த வாரம் என்னை வேலையைவிட்டு நீக்கினார்கள். நகரசபையின் வெள்ளித்தடியைக் கவனிப்பாரின்றிச் சுவரில் சாய்த்தேன் என்பது குற்றச்சாட்டு. அதில் தண்ணீரைப் பற்றி ஒரு சொல் இல்லை. குழாய்க்குப் புது வர்ணம் அடித்துச் சிங்கமுகத்துக்குப் பொன்முலாம் பூசினார்கள்.

பெயர்களை வாசித்த அன்று சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு டோர்கஸ் மேலே ஏறி வந்தாள். கைப்பிடிச் சுவரிலிருந்து குவளையை இரண்டு கையாலும் எடுத்தாள். சாக்கடையில் கொட்டுவாள் என்று நினைத்தேன். கொட்டவில்லை. சிந்தாமல் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். ஏனோக் வேலை முடிந்து தாகத்தோடு வருவான், தெருவில் வேறு தண்ணீர் கிடையாது.